மருதையன் கேட்ட உரிமை

வலங்கைமான் பேருந்து நிலையத்துக்கு எதிரில், ஒரு மாடிப்படிக்கு அடியில் எட்டடிக்குப் பத்தடி இடத்தில் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, தாலுகா ஆபீஸ் மனு, வேலைவாய்ப்புப் பதிவு என்று ஊரில் எந்தக் காகிதமானாலும் என் கையால் தட்டச்சாகித்தான் போகும். என் கடைக்கு இரண்டு கடை தள்ளி மருதையன் அண்ணனின் 'நிலா ஸ்டுடியோ'. பொறாமை இல்லாத மனிதரை நான் இந்த ஊரில் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்துத்தான். ஆனால் அதை வைத்துக்கொண்டு மருதையன் அண்ணன் அளவுக்கு அல்லாடியவர் வேறு யாரும் இல்லை. அவர் செய்த காரியத்தில் என் விரல்களுக்கும் பங்கு உண்டு. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அவருடைய அப்பாவும் அம்மாவும் பண்ணை வேலைக்குப் போனவர்கள். அப்பா சீக்கிரம் போய்விட்டார். அம்மா பொன்னுத்தாய் நடவு, களை, அறுவடை என்று அலைந்து மகனைப் பத்தாவது வரை படிக்க வைத்தார். பத்தாவதில் பக்கத்து இருக்கை அஸாருடையது. பள்ளிவாசல் தெருவில் துணிக்கடை வைத்திருந்த முகம்மது யூசுப்பின் மகன். இரண்டு பேருக்கும் கேமரா பைத்தியம். பள்ளி முடிந்ததும் இருவரும் கும்பகோணத்தில் ஒரே ஸ்டுடியோவில் நெகட்டிவ் கழுவக் கற்றுக்கொண்டார்கள். தொண்ணூற்று இரண்டில் பொன்னுத்தாய் தன் இரண்டு ஆடுகளை விற்றார், அஸார் தன் சைக்கிளை விற்றார். ஒரு பழைய யாஷிகா கேமரா வாங்கி, பேருந்து நிலையத்துக்கு எதிரில் நிலா ஸ்டுடியோவைத் திறந்தார்கள்.

கேமரா ஒன்று, ஆள் இரண்டு. ஒருவர் குடை விளக்கைப் பிடித்தால் மற்றவர் படம் எடுப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகை சைக்கிளில் ஆற்றங்கரை, வயல், அறுவடைக் களம் என்று சுற்றுவார்கள். எந்தப் படத்தை யார் எடுத்தது என்று அப்போது யாரும் எழுதி வைக்கவில்லை. அதற்கு அவசியம் வரும் என்று இரண்டு பேருமே நினைத்திருக்க மாட்டார்கள்.

ஸ்டுடியோவைத் தூக்கி நிறுத்தியது கல்யாணங்கள் அல்ல, பாஸ்போர்ட். அந்த வருஷங்களில் ஊரே கிளம்பியது. துபாய், சவூதி, சிங்கப்பூர், மலேசியா. வெள்ளைத் துணி கட்டிய சுவருக்கு முன்னால் முக்காலியில் வந்து உட்காருவார்கள். மருதையன் தாடையைத் தொட்டுத் தலையை நிமிர்த்துவார். "காது ரெண்டும் தெரியணும். சிரிக்கக் கூடாது." ஒரு மாதம் கழித்து அந்த முகம் ஊரில் இருக்காது. இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வரும்போது சட்டை வேறாக இருக்கும், கடிகாரம் வேறாக இருக்கும், பேச்சுகூடக் கொஞ்சம் வேறாக இருக்கும். "எல்லாப் பயலும் என் முன்னாடி ஒரு நிமிஷம் உக்காந்துட்டுத்தான் போனான் தங்கச்சி. என்னை உக்கார வச்சுப் படம் எடுக்கத்தான் ஆளில்ல" என்று பிற்பாடு ஒருநாள் என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண் மட்டும் சிரிக்கவில்லை.

தொண்ணூற்று ஏழில் துபாயிலிருந்து ஒரு போட்டோ லேபுக்கு ஆள் எடுக்க ஏஜெண்ட் வந்தார். இரண்டு பேரும் திருச்சிக்குப் போய் இண்டர்வியூவில் உட்கார்ந்தார்கள். இயந்திரம் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் மருதையன்தான் சரியாகப் பதில் சொன்னாராம். ஆனால் தமிழில் சொன்னார். அஸார் திக்கித் திணறி ஆங்கிலத்தில் சொன்னார். அஸாரை எடுத்துக்கொண்டார்கள்.

அஸார் கிளம்பும்போது கேமராவை மருதையனிடமே விட்டுவிட்டார். நெகட்டிவ் சுருள்களையும் பிரிண்டுகளையும் மட்டும் பிரித்துக்கொண்டார்கள். இரண்டு செருப்பு டப்பா. பார்த்துப் பிரிக்கவில்லை, கைக்கு வந்ததை ஆளுக்குப் பாதி அள்ளிப் போட்டுக்கொண்டார்கள். துபாயில் ஏழு வருஷம் இருந்துவிட்டு, மனைவி ஷமாவின் அண்ணன் நெதர்லாந்தில் ஓட்டல் வைத்திருந்த வழியில் அஸார் அங்கே போய்க் குடியேறினார். முதலில் சமையலறையில் வேலை, பிறகு ஒரு அச்சகத்தில். முகம்மது யூசுப் காலமான பிறகு அம்மா ஜன்னத் பீவியும், தையல் கடை வைத்திருந்த தங்கை தஹ்மீனாவும் பள்ளிவாசல் தெரு வீட்டிலேயே இருந்தார்கள்.

மருதையன் கல்யாணம் செய்துகொண்டார். மனைவி மதிவதனி பன்னிரண்டாவது படித்தவர், அங்கன்வாடி ஊழியர். டிஜிட்டல் கேமரா வந்து பாஸ்போர்ட் படத்தை ஆளாளுக்கு எடுக்க ஆரம்பித்த பிறகும் ஸ்டுடியோ ஏதோ ஓடியது. இரண்டாயிரத்து ஆறில் பொன்னுத்தாய் இறந்தார். அந்தச் சாவுக்கு அஸார் நெதர்லாந்திலிருந்து போன் செய்து கால் மணி நேரம் அழுதார். மருதையன் ரிசீவரைக் காதில் வைத்தபடி சும்மா நின்றார். "எனக்கு வராத அழுகை அவனுக்கு வருது பாரு" என்று அன்றைக்கே மதிவதனியிடம் சொன்னாராம்.

இரண்டாயிரத்துப் பத்து வாக்கில் இணையத்தில் 'வாய்க்கால்காரன்' என்ற பெயரில் ஒருவர் எழுத ஆரம்பித்தார். யார் என்று தெரியாது. எங்கள் பக்கத்து ஊர்கள், வாய்க்கால்கள், மதகுகள், யார் எங்கே ஆற்றைத் தோண்டுகிறார்கள் என்பதையெல்லாம் எழுதினார். அணை மூடி ஆறு வற்றியதும் லாரிகள் எந்த இறக்கத்தில் இறங்குகின்றன, படுகை எத்தனை அடி பள்ளமாகிவிட்டது, அதனால் எந்த வாய்க்கால் ஆற்றிலிருந்து பிரிகிற தலைப்புக்குத் தண்ணீர் ஏறவில்லை என்பது வரைக்கும் இருந்தது. மணல் எடுக்கும் அரசப்பனின் பெயரை நேராகவே போட்டு எழுதினார். விவரங்களைக் கொடுத்தது ஊரில் இருக்கிற பலர் என்பது எனக்குத் தெரியும். என் கடையிலிருந்தே சில பேர் அந்தத் தளத்துக்கு மெயில் அனுப்பினார்கள். நான் புதுக் கட்டுரை வரும்போதெல்லாம் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பேன். டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்பார்கள்.

மதிவதனிக்கு அந்த எழுத்தென்றால் உயிர். பிரிண்டுகளை ஒரு ஃபைலில் போட்டு வைத்திருந்தார். "யாரு பெத்த புள்ளையோ, ஆத்துல எறங்கி நடக்குற மாதிரி எழுதுது" என்பார். மருதையன் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் சாப்பாட்டை வேகமாக முடித்துக்கொண்டு எழுந்துவிடுவார்.

அதுவரைக்கும் வெறும் எரிச்சல்தான். இரண்டாயிரத்துப் பதினொன்று கடைசியில் அந்தத் தளத்தின் முகப்பில் ஒரு படம் வந்தது. வாய்க்கால் படியில் ஒரு அம்மா நின்று காலில் ஒட்டிய சேற்றைக் கழுவுகிறார். புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகியிருக்கிறார். கழுவிக்கொண்டே நிமிர்ந்து, படம் எடுப்பவரைப் பார்த்து வாய் கொள்ளாமல் சிரிக்கிறார். ஒரு பல் இல்லாத இடம்கூடத் தெரிகிறது. அது பொன்னுத்தாய். அதற்குப் பின்னால் ஒன்று, இரண்டு என்று மொத்தம் பதினான்கு பழைய படங்கள் வந்தன. ஒன்றிலும் எடுத்தவர் பெயர் இல்லை.

படத்தை என் கடையில்தான் மருதையன் அண்ணன் முதலில் பார்த்தார். நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "இது அஸார்" என்றார். "வேற எவன்கிட்டயும் இந்த நெகட்டிவ் இல்ல."

ஊருக்கு அது தெரியவில்லை. பொன்னுத்தாயைத் தெரிந்தவர்கள் வேறு மாதிரிக் கணக்குப் போட்டார்கள். அம்மா படம், ஸ்டுடியோ படம், அப்படியென்றால் எழுதுவது மருதையன்! பத்து நாளைக்கு அவருக்கு நடந்த மரியாதையை நான் பார்த்தேன். டீக்கடையில் எழுந்து இடம் கொடுத்தார்கள். விவசாய சங்கத்துக்காரர் ஒருவர் ஸ்டுடியோவுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "தைரியமான ஆளுய்யா நீ" என்றார். மருதையன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சட்டையை இஸ்திரி போட்டுப் போட ஆரம்பித்தார்.

அந்தப் பேச்சு வீட்டுக்கும் போயிற்று. பக்கத்து வீட்டு அம்மா மதிவதனியிடம், "ஒன் வீட்டுக்காரருதானாமே எழுதுறது, சொல்லவே இல்லையே" என்று கேட்டிருக்கிறார். மருதையன் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். மதிவதனி அப்படிச் சிரித்தாராம். "இவரா? நல்லா சொன்னீங்க போங்க. கரண்ட் ஆபீஸுக்கு நாலு வரி மனு எழுதணும்னா ராஜாத்தி கடைக்கு ஓடுறவரு."

ராஜாத்தி நான்தான். மதிவதனி தப்பாக எதுவும் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னார். மறுநாள் காலை நான் ஷட்டரைத் தூக்கும்போதே மருதையன் அண்ணன் படியில் உட்கார்ந்திருந்தார்.

"தங்கச்சி, ஒருத்தன் படத்தை இன்னொருத்தன் கேக்காம நெட்டுல போட்டா சட்டம் இருக்குல்ல?"

"இருக்குண்ணே. காப்பிரைட்."

"அதுல ஒரு கம்ப்ளெய்ண்ட் போடணும்."

தளத்துக்கு இடம் கொடுத்திருந்தது நெதர்லாந்தில் ஏதோ ஒரு சின்னக் கம்பெனி. தேடினால் அவர்கள் பக்கத்தின் அடியிலேயே புகார்ப் படிவம் இருந்தது. ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம். அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். படங்கள் எத்தனை என்று ஒரு கட்டம்.

"பதினாலு" என்றார்.

"பதினாலும் நீங்க எடுத்ததாண்ணே?"

"என் ஸ்டுடியோ, என் கேமரா."

"அது கேக்கலண்ணே. யார் எடுத்தாங்கன்னு கேக்குது. சொல்றது உண்மைன்னு உறுதிமொழி வேற இருக்கு."

திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகப்பில் பொன்னுத்தாய் சிரித்துக்கொண்டிருந்தார். "என் அம்மாவை நான் எடுக்காம வேற யாரு எடுப்பா? போடு" என்றார்.

அவர் குரல் சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது. இருந்தும் பதினான்கு என்று போட்டேன். அனுப்பு என்றதும் அனுப்பினேன். தினம் நூறு படிவம் நிரப்புகிற கைக்கு இது நூற்று ஒன்றாவது.

கம்பெனி யாரையும் விசாரிக்கவில்லை. மூன்றாம் நாள் தளத்தையே எடுத்துவிட்டார்கள். படங்களை மட்டும் அல்ல, மணல் கட்டுரைகள், வாய்க்கால் கட்டுரைகள் எல்லாம் போய்விட்டன. வெள்ளைப் பக்கத்தில் ஒரு வரி மட்டும் நின்றது. படத்துக்கு உரிமை கேட்டால் எழுத்தும் சேர்ந்து போகும் என்று நான் நினைத்திருக்கவே இல்லை. மருதையன் அண்ணன் அந்த வெள்ளைப் பக்கத்தை வந்து பார்த்தார். "போச்சா?" என்றார். இரண்டு டீ சொன்னார். இரண்டையும் அவரே குடித்தார்.

மதிவதனி மட்டும் தினம் கேட்டுக்கொண்டிருந்தார். "ஏன் ராஜாத்தி, அது இன்னும் வரலியா? அந்தப் புள்ளைக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" நான் பேப்பரை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்து மருதையனின் மெயிலுக்குக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. தளத்துக்காரர் மறுப்புத் தெரிவித்திருக்கிறார், விதிப்படி அவருடைய மறுப்பை உங்களுக்கு அனுப்புகிறோம் என்றது. மறுப்பு சொல்ல வேண்டுமானால் முழுப் பெயரும் முகவரியும் கொடுத்தாக வேண்டும், அது புகார் கொடுத்தவருக்குப் போகும். அதுதான் அவர்கள் வழக்கம். இணைப்பில் எல்லாம் இருந்தது. அஸார், தந்தை பெயர் முகம்மது யூசுப், நெதர்லாந்து முகவரி, நிரந்தர முகவரி பள்ளிவாசல் தெரு, வலங்கைமான். கீழே அஸார் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். அதை நான் தமிழில் சொன்னேன். "என் அம்மாவும் தங்கையும் அந்த ஊரில் இருக்கிறார்கள். அதற்காகத்தான் பெயரை மறைத்தேன். இந்தக் காகிதம் புகார் கொடுத்தவரைத் தாண்டி யாரிடமும் போகக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்."

"பிரிண்ட் எடு" என்றார் மருதையன் அண்ணன்.

"எதுக்குண்ணே? மெயில்லயே இருக்கட்டுமே."

"என் பேருக்கு வந்த லெட்டர்தானே தங்கச்சி."

எடுத்துக் கொடுத்தேன். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதை எத்தனை நாள் வைத்திருந்தார் என்று பிறகு கேட்டேன். ஆறு நாள் என்றார். குளிக்கும்போது எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டு, குளித்து முடித்ததும் மறுபடி பையில் வைத்துக்கொண்டாராம்.

ஏழாம் நாள் டீக்கடையில் பக்கிரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அரசப்பனிடம் லாரிகளை மேய்க்கிறவன் அவன்.

"மருதையா, கடையை மூடிட்டியாமே" என்றான்.

"எந்தக் கடையை?"

"அதான், எழுதுற கடையை. அரசப்பண்ணன் கேட்டாரு. பயந்துட்டானா மருதையன்னு கேட்டுச் சிரிச்சாரு. நல்ல வேலை பண்ண, பொழைச்சுக்கிட்ட. ஆனா நீயா எழுதுன, நம்பவே முடியலடா, எப்புடிடா எழுதுன?"

அந்த நேரத்தில் சும்மா இருந்திருந்தால் எதுவும் நடந்திருக்காது. பக்கிரியின் கோபம் ஏற்கெனவே தணிந்துவிட்டது. எழுத்து நின்றுவிட்டது, அவர்களுக்கு அது போதும். பயத்தால்தான் காகிதத்தை எடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள மருதையன் அண்ணனுக்கு வழி இருந்தது. ஊரில் சில பேர் அப்படியே நம்பினார்கள். ஆனால் என்னிடம் அவர் அப்படிச் சொல்லவில்லை.

"பயமில்ல தங்கச்சி. 'நீயா எழுதுன, நம்பவே முடியலடா, எப்புடிடா எழுதுன'ன்னு பக்கிரி கேட்டான். கெட்டவன் வாயால அஸாருக்கு விழ வேண்டிய மெச்சல் அது. எனக்கு விழுந்தது. நான் அஸார் எச்சிலைத் தின்னுட்டு நிக்கிற மாதிரி இருந்துச்சு. எழுதுனது நான் இல்லடா, இந்தா பாருன்னு எடுத்துக் குடுத்துட்டேன்."

பக்கிரி காகிதத்தைப் படித்தான். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் முகவரி படிக்கத் தெரியும். "இதை நான் வச்சுக்கறேன்" என்றான். மருதையன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அடுத்த திங்கட்கிழமை பகல் பதினொரு மணிக்குப் பள்ளிவாசல் தெருவுக்குள் ஒரு லாரி பின்பக்கமாக ஏறி வந்தது. ஜன்னத் பீவி வீட்டு வாசலை ஒட்டி நிறுத்தி, தொட்டியைத் தூக்கிவிட்டார்கள். ஆற்றிலிருந்து அள்ளிய ஈர மணல், ஒரு லோடு முழுக்க. வாசல் கதவு, ஜன்னல் பாதி, தஹ்மீனா முன்னறையில் வைத்திருந்த தையல் கடையின் பலகை எல்லாம் மூடிப் போயின. உள்ளே தாயும் மகளும். டிரைவர் இறங்கக்கூட இல்லை. "கட்டடம் கட்டச் சொல்லுங்க, நெதர்லாந்துலேர்ந்து காசு வருதுல்ல" என்று கத்திவிட்டுப் போனான்.

பின்பக்கம் கிணற்றடிச் சுவர். வழி கிடையாது. உள்ளேயிருந்து தஹ்மீனா கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. தெருவே மண்வெட்டியோடு ஓடியது. பாத்திரக்கடை மீரா உசேன் தன் கடையிலிருந்து அன்னக்கூடைகளை எடுத்து வீசினார். நானும் ஓடினேன். அங்கே மருதையன் அண்ணன் முன்னாலேயே வந்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெட்டி வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தார். வெட்ட வெட்ட மேலேயிருந்து சரிந்தது. யாரிடமும் மண்வெட்டியை மாற்றிக் கொடுக்கவில்லை. முக்கால் மணி நேரத்தில் ஜன்னல் திறந்தது. பிறகு கதவு. ஜன்னத் பீவி மூச்சு வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். முதலில் கண்ணில் பட்டது மருதையன்.

"நீ வந்துட்டியா மருதையா. அஸார் இல்லாத கொறைக்கு நீ இருக்கடா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை தோல் உரிந்து ரத்தம். "தஹ்மீனா, தண்ணி கொண்டு வா புள்ள, புள்ள கை கிழிஞ்சு போச்சு."

அந்தத் தண்ணீரை அவர் குடிக்கவில்லை. கையை உருவிக்கொண்டு நடந்துவிட்டார்.

மாலையில் ஸ்டுடியோ போன் அடித்தது. நான் அப்போது அங்கே இருந்தேன். எல்லாவற்றையும் மதிவதனியிடம் சொல்லிவிடுங்கள் என்று சண்டை போடப் போயிருந்தேன். மருதையன் அண்ணன் போனை எடுத்தார். கை வலிக்கிறது என்று ஸ்பீக்கரில் போட்டார். அஸாரின் குரலை அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கேட்டேன். கத்தவில்லை.

"மருதையா, அந்தப் பேப்பர் இந்த ஒலகத்துலயே ஒருத்தன் கைக்குத்தான் வந்துச்சு."

மருதையன் அண்ணன் துண்டை எடுத்துக் கிழிந்த கையில் சுற்றினார்.

"இங்க போன சனிக்கிழமை ஊர்வலம். ஐரோப்பா முழுக்கவே நடந்துச்சு. நெட்டுல காப்பிரைட்டைக் காப்பாத்துறோம்னு ஒரு ஒப்பந்தம் கொண்டு வர்றாங்க. அது வந்தா எவனாவது உரிமை கேட்டான்னு எழுத்தை எடுக்கவும், எழுதுனவன் பேரைக் குடுக்கவும் வழி சுலபமாயிரும்னு ஜனங்க எதிர்க்குறாங்க. காலு வெறைச்சுப் போற குளிரு. நானும் ஒரு அட்டையப் புடிச்சுக்கிட்டு நின்னேன். நான் அங்க நிக்கும்போதே எம் பேரு நம்ம ஊரு டீக்கடையில கை மாறியிருக்கு. பாத்தவங்க இப்பத்தான் சொன்னாங்க."

"என் படத்தை ஏண்டா கேக்காம போட்ட?" என்றார் மருதையன்.

"அது என் தப்பு. ஒன்பது படம் உன்னுது. எது எதுன்னு எனக்கு நல்லாவே தெரியும். உன் பேரைப் போட்டா நான் யாருன்னு தெரிஞ்சிரும்னு பயந்தேன். கேட்டா நீ வேணாம்னுருவியோன்னும் பயந்தேன். அதுக்கு என்ன வேணாலும் சொல்லு, கேட்டுக்குறேன்." பிறகு அவரே கேட்டார். "வாய்க்கால் படியில நிக்குற பெரிம்மா படத்தை யாரு எடுத்தா?"

"நீ" என்றார் மருதையன்.

"அதை எழுதிக் குடுத்துரு. வேற எதுவும் எனக்கு வேணாம்." போன் வைக்கப்பட்டது.

மருதையன் அண்ணன் என்னைப் பார்க்காமல் பேசினார். அன்று வாய்க்கால் படியில் முதலில் கேமராவை வைத்திருந்தது அவர்தானாம். அம்மா வெட்கப்பட்டு, "போடா, வேலையைப் பாரு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அஸார் கேமராவை வாங்கி, "பெரிம்மா, அந்தப் பல்லை எந்த வயல்ல நட்டீங்க?" என்று கேட்டார். பொன்னுத்தாய் சிரித்துவிட்டார். "என்னைப் பார்த்து எங்கம்மா அப்படிச் சிரிச்சதே இல்ல தங்கச்சி. என்னைப் பார்த்தா அதுக்குக் கவலைதான் வரும். அந்தப் படம் நெட்டுல வந்தப்ப ஊரே பாக்குது, அம்மா அவனைப் பார்த்துச் சிரிக்குறதை. எனக்கு அதுதான் தாங்கல."

மறுநாள் நான்தான் தட்டச்சு செய்தேன். ஒன்பது படங்களின் விவரம் ஒரு பக்கம், ஐந்து படங்கள் அஸார் எடுத்தவை என்று ஒரு பக்கம், புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஒரு வரி. இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் அவருக்குத் தமிழில் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்பினேன். பிறகு அவர் வீட்டுக்குப் போய் மதிவதனியிடம் எல்லாவற்றையும் தானே சொன்னார். மதிவதனி சண்டை போடவில்லை. பிரிண்டுகள் இருந்த ஃபைலை எடுத்துக்கொண்டு நாலு நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வந்தார். வந்த பிறகும் வெகுநாள் அவரிடம் உப்பு, புளி தவிர வேறு பேச்சு இல்லை.

பள்ளிவாசல் தெருவுக்கும் போனார். ஜன்னத் பீவி வாசலில் நிற்கவைத்தே கேட்டுக்கொண்டார். தஹ்மீனா உள்ளேயிருந்து, "அம்மா, அவரைப் போகச் சொல்லுங்க" என்றார். அவர் போய்விட்டார். போலீஸில் புகார் கொடுத்தார்கள். லாரி யாருடையது என்று தெரியவில்லை என்று போலீஸார் எழுதி முடித்தார்கள். மணல் எடுப்பு ஒரு மாதம் நின்று, பிறகு இரண்டு மைல் கீழே இன்னொரு இறக்கத்தில் தொடங்கியது. ஜன்னத் பீவிக்கு அந்த வாசலில் இருக்கப் பிடிக்கவில்லை. கதவு திறக்கும் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடைக்கிறது என்றார். சித்திரையில் தாயும் மகளும் தஞ்சாவூருக்குக் குடிபோனார்கள். தஹ்மீனா மருத்துவக் கல்லூரிப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் மறுபடி தையல் கடை போட்டார். முகம்மது யூசுப் கட்டிய வீட்டுக்கு யாரோ வாடகைக்கு வந்தார்கள்.

தளம் திரும்ப வந்தது. 'வாய்க்கால்காரன்' என்ற பெயருக்குக் கீழே அஸார் தன் சொந்தப் பெயரையும் போட்டுவிட்டார். இனி மறைக்க என்ன இருக்கிறது என்று எழுதியிருந்தார். ஆனால் ஊரிலிருந்து தகவல் அனுப்பியவர்களில் பாதிப் பேர் நிறுத்திவிட்டார்கள். லோடு லாரி யார் வீட்டு வாசலுக்கும் வரலாம் அல்லவா? கட்டுரைகள் குறைந்தன. ஒன்பது படங்களின் அடியில் 'படம்: மருதையன், வலங்கைமான்' என்று இருந்தது. பொன்னுத்தாய் படத்தின் அடியில், 'என் நண்பனின் அம்மா' என்று மட்டும்.

அந்த ஒன்பதில் மூன்றைத் தஞ்சாவூரில் ஒரு கல்லூரி விழாவில் பெரிதாக்கி மாட்டினார்கள். மருதையனை அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். திரும்பி வந்து பொன்னாடையை என் மேஜைமேல் வைத்தார். "பேசுனவங்க நாலு பேரு. நாலு பேரும் அஸார் எழுத்துக்கு இந்தப் படங்கள் எவ்வளவு பொருத்தமா இருக்குன்னாங்க" என்றார்.

இரண்டாயிரத்துப் பதினான்கில் அஸார் விடுமுறையில் வந்தார். வலங்கைமானுக்கு வரவில்லை, தஞ்சாவூரில் தங்கினார். மருதையன் அண்ணன் வெள்ளிக்கிழமை பஸ் ஏறிப் போனார். மூன்று நாள் யோசித்துவிட்டுத்தான் போனார். என்னவாகுமோ என்று நானும் கடையில் காத்திருந்தேன். சாயங்காலம் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"பார்த்தீங்களாண்ணே?"

"பார்த்தேன். சோறு போட்டான். தஹ்மீனா வெளிய வரல. ஜன்னத் அம்மா படுத்திருந்துச்சு. எழுந்து உக்காந்து, நல்லா இருக்கியாப்பான்னுச்சு."

"மன்னிப்புக் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"விடுடான்னுட்டான். தோள்ல கைய போட்டுக்கிட்டான்." மருதையன் அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவனுக்கு ஒரு முடி நரைக்கல தங்கச்சி. என்னைவிட ரெண்டு மாசம் மூத்தவன். மன்னிச்சும் விட்டுட்டான். அந்த நல்ல பேரும் அவனுக்குத்தான்."

அவரே அதைச் சொல்லி அவரே சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வெளியே கும்பகோணம் பஸ் வந்து நின்றது. ஒரு பெண் பிறப்புச் சான்றிதழில் பெயர் திருத்த மனு அடிக்க வேண்டும் என்று உள்ளே வந்தார். எல்லாக் கட்டங்களையும் அவருக்கு ஒருமுறை படித்துச் சொல்லிவிட்டு அடிக்க ஆரம்பித்தேன். மருதையன் அண்ணன் எழுந்து ஸ்டுடியோவைத் திறக்கப் போனார்.